மலைப் பள்ளியின் கடைசி ஆண்டுக் கணக்கு

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, “வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். பள்ளி அலுவலகத்தில் அதற்கென்று ஒரு தாள் தயாராக இருக்கும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், சாப்பாடு, சேர்க்கைக் கட்டணம், காஷன் டெபாசிட் என்று வரிசையாகப் போட்டு அடியில் கூட்டுத்தொகையும் இருக்கும். அந்தத் தாளில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அது சேரும் ஆண்டின் விலை மட்டுமே. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியோடு ஏழு ஆண்டுப் பந்தம். பணம் போதவில்லை என்று ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ வெளியே எடுத்தால், அதுவரை கட்டியதும் வீண், பாடத்திட்டம் மாறுவதால் பிள்ளையின் படிப்புக்கும் அடி. ஆகவே பெற்றோர் கேட்க வேண்டியது பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு ஆகும் என்பதை. அந்தக் கடைசி ஆண்டின் தொகையைக் கடனில்லாமல் கட்ட முடியுமா முடியாதா என்பதை வைத்தே பள்ளியை முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இப்படிக் கணக்குப் போடும் பழக்கம் நம்மிடம் இல்லாததற்கு மலைப் பள்ளிகளின் வரலாறும் ஒரு காரணம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் தேவாலயங்களும் மடங்களும் வந்தன, மடங்களை ஒட்டிப் பள்ளிகள் எழுந்தன. 1894-இல் புனித வளனாரின் குளூனி சபைச் சகோதரிகளின் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ஃபோர்ட் பள்ளி. கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். ஊட்டிக்கு அருகே லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858-இல் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்காக எழுந்தது. சந்தையை நம்பிப் பிறந்த பள்ளிகள் அல்ல இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சபையோ மிஷனோ அரசோ செலவில் ஒரு பங்கைத் தாங்கியது. சபைப் பள்ளிகளில் துறவறம் பூண்ட சகோதரர்களும் சகோதரிகளும் பாடம் நடத்தினார்கள், இரவில் விடுதியைப் பார்த்துக்கொண்டார்கள், நோயில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தார்கள். குடும்பத்தை நடத்தும் அளவுக்குச் சம்பளம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பள்ளியின் மிகப் பெரிய செலவான ஆள்கூலி இப்படிக் கணக்கில் வராமலே போனது. இன்று அதே வேலைகளை ஆசிரியர், வார்டன், நர்ஸ், காவலாளி, சமையல்காரர் என்று சம்பளமும் பிராவிடன்ட் ஃபண்டும் கொடுத்து வைக்கப்பட்டவர்கள் செய்கிறார்கள். அந்த உழைப்பின் விலை இப்போது பெற்றோரின் பில்லில் ஏறியிருக்கிறது. மாமாவோ பெரியப்பாவோ மலையில் படித்த காலத்து நினைவை வைத்துக்கொண்டு இன்றைய கட்டணத்தை அளப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

‘இன்டர்நேஷனல்’ என்ற பெயரையும் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் பள்ளி 1976-இல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமாவை இந்தியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது. அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பாடத்திட்டமும் வெளிநாட்டுத் தேர்வும் இருக்கின்றன. பெயரில் அதே சொல்லை வைத்துக்கொண்டு சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் பள்ளிகளோ தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. சி.பி.எஸ்.இ. வாரியமே 2010-இல் ஒரு சர்வதேசப் பாடத்திட்டத்தைத் தொடங்கிப் பார்த்துச் சில ஆண்டுகளில் கைவிட்டுவிட்டது. செலவைத் தீர்மானிப்பது பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளை எழுதப்போகும் தேர்வு. ஐ.பி.யோ கேம்பிரிட்ஜோ என்றால் பள்ளி அந்த அமைப்புக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும், ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மலைகளில் இந்த வகை விடுதிப் பள்ளிகளின் கட்டணம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுவது இன்று சாதாரணம். இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் விடுதிப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே நிற்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான், ஏற்காட்டுக்குப் போனவர் ஒரு தொகையும் கொடைக்கானலுக்குப் போனவர் வேறொரு தொகையும் சொல்லும்போது கேட்பவர் குழம்புகிறார்.

ஒரு பிள்ளையை விடுதியில் வைத்துப் படிக்கவைக்க உண்மையில் என்னதான் ஆகும்? இதற்கு அரசு போட்ட கணக்கே ஒரு அடிமட்ட அளவைத் தருகிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்தும் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளுக்கு, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,09,000 ரூபாய் என்று நடைமுறைச் செலவு நிர்ணயிக்கப்பட்டது. சேலம் மாவட்டம் அபிநவத்தில் அப்படி ஒரு பள்ளி உண்டு. கட்டிடச் செலவு இதில் சேராது, ஆடம்பரம் என்று எதுவும் கிடையாது. அப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல். மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுதி மானியம் ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் மாதம் 6,750 ரூபாயாக இருந்தது, அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதும் 2024 ஜனவரி முதல் 8,437 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. அதே அரசு, தனியார் நிறுவன ஊழியருக்கு 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் கீழ் விடுதிச் செலவுப் படிக்கு அனுமதித்த வரிவிலக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும். ஒரே கருவூலம் ஒரே விடுதிக்கு இரண்டு விலை போட்டது என்றால், வரிச் சலுகையை நம்பி யாரும் பட்ஜெட் போட முடியாது. வருமான வரிக் கழிவு கிடைப்பதும் டியூஷன் ஃபீஸுக்குத்தான், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்பும் உண்டு. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளிகளும் இல்லை என்பதால், குறைந்த செலவில் நல்ல விடுதிப் படிப்பு என்ற நடுவழி நடுத்தரக் குடும்பத்துக்கு இங்கே குறுகலாகவே இருக்கிறது. ஒரு பக்கம் அரசு விடுதிகள், இன்னொரு பக்கம் மதிப்பெண்ணுக்காகவே நடக்கும் நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்துப் பிராய்லர் பள்ளிகள், மேலே மலைப் பள்ளிகள்.

இனி, தாளில் அச்சாகாத செலவுகள். விடுதியில் சேரும் பிள்ளைக்குப் பள்ளி கொடுக்கும் சாமான் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பூட்டுடன் ட்ரங்குப் பெட்டி, மெத்தை விரிப்பு இரண்டு ஜோடி, கம்பளி, சீருடை நான்கைந்து செட், பிளேசர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, கறுப்பு ஷூ, வெள்ளை கேன்வாஸ் ஷூ, விளையாட்டு உடை, வாளி, டார்ச். ஒவ்வொரு துணியிலும் சலவைக்குப் போகும்போது தொலையாமல் இருக்கப் பிள்ளையின் எண்ணைத் தைத்திருக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் துவைத்த துணி காய நாளாகும், அதனால் சமவெளியில் மூன்று செட் போதும் என்றால் இங்கே ஐந்து வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஷூவும் பிளேசரும் ஓர் ஆண்டு தாண்டாது. இதற்கு மேல் பாக்கெட் மணி, முடிவெட்டு, கண்ணாடி, பல் டாக்டர், இசை வகுப்பு, குதிரையேற்றம், மாதிரி ஐ.நா. மாநாடு, கல்விச் சுற்றுலா. கல்விச் சுற்றுலா கட்டாயமில்லை என்பார்கள், ஆனால் வகுப்பே கிளம்பும்போது தன் பிள்ளையை மட்டும் விடுதியில் நிறுத்திவைக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. பள்ளிக்கும் அது தெரியும்.

பயணச் செலவைப் பெரும்பாலானவர்கள் பாதியாகத்தான் கணக்கிடுகிறார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ்–பொங்கல், கோடை என்று மூன்று விடுமுறை என்றால், ஒவ்வொன்றுக்கும் அழைத்துவர ஒரு முறை, கொண்டுவிட ஒரு முறை, ஆக ஆண்டுக்கு ஆறு போக்குவரத்து. விளையாட்டு விழா, ஆண்டு விழா, பெற்றோர் சந்திப்பு இவையெல்லாம் தனி. சென்னைக் குடும்பத்துக்கு இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிவதற்குள் சேலம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒரு டாக்ஸி. இது சமாளிக்கக்கூடியதே. மே மாதக் கோடை விழாவின் கூட்டத்தில் ஏற்காட்டில் அறை எடுப்பவருக்கு வாடகை கண்ணைக் கட்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு விமான டிக்கெட்டே ஒரு தனிக் கட்டணம். ஊரில் ஒரு லோக்கல் கார்டியன் தேவை, அவர் சித்தப்பாவாகவே இருந்தாலும் அவருக்கும் செலவு ஆகும். இவற்றையெல்லாம் கூட்டினால், அச்சிட்ட கட்டணத்தின் மேல் நாலில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது மிகையாகாது. இது என் மதிப்பீடு. பள்ளியையும் தூரத்தையும் பொறுத்து மாறும்.

இப்போது பெருக்கல். ஒரு பள்ளியின் கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டுக்கு முப்பத்தைந்து லட்சம் என்பது பெற்றோர் மனதில் ஓடும் கணக்கு. உபரிச் செலவைச் சேர்த்தால் முதல் ஆண்டே ஆறேகால் லட்சம். செலவு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறினால் பன்னிரண்டாம் வகுப்பில் அது பதினோரு லட்சத்தைத் தாண்டும், ஏழு ஆண்டுகளும் சேர்ந்து 59 லட்சத்தைத் தாண்டும். எட்டு விழுக்காடு என்று தாராளமாகக் குறைத்துக்கொண்டாலும் மொத்தம் 55 லட்சத்துக்குக் கீழே இறங்காது. தாளில் பார்த்த ஐந்து லட்சத்துக்கும் கடைசி ஆண்டின் பதினோரு லட்சத்துக்கும் இடையில்தான் பல குடும்பங்களின் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. காஷன் டெபாசிட்டும் இதே வகைதான். வட்டியில்லாமல் ஏழு ஆண்டு கழித்துத் திரும்பும் ஒரு லட்சத்துக்கு, விலைவாசி ஆறு விழுக்காடு ஏறினால், இன்றைய மதிப்பில் அறுபத்தாறாயிரத்துச் சொச்சம்தான் வாங்கும் சக்தி. மீதி, பள்ளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்ததால் வந்த இழப்பு.

கட்டணத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் 1992 முதல் நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டம் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கட்டணம் நிர்ணயிக்கிறது. மாடர்ன் ஸ்கூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் வளர்ச்சிக் கட்டணம் டியூஷன் ஃபீஸில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020–21-க்கு, பிள்ளைகள் பயன்படுத்தாத வசதிகளுக்காக 15 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ராஜஸ்தான் வழக்கில் 2021 மே மாதம் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் பயனுள்ளவை. ஆனால் குடும்பத்தின் செலவில் கணிசமான பகுதி பயணம், துணி, சுற்றுலா, கோச்சிங் என்று டியூஷன் ஃபீஸுக்கு வெளியே போகும்போது, டியூஷன் ஃபீஸைக் குறிவைக்கும் சட்டம் எவ்வளவுதான் தாங்கும்? பெற்றோர் கையில் இருக்கும் ஆயுதம் எளியது: கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, கடந்த ஐந்து ஆண்டின் கட்டண விவரம், விலகுவதற்கான முன்னறிவிப்பு விதி, இவை மூன்றையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்குவது. பழைய கட்டண விவரத்தைத் தர மறுக்கும் பள்ளி, வரும் ஆண்டுகளில் எப்படி ஏற்றும் என்பதை அப்போதே சொல்லிவிடுகிறது.

இந்தக் கணக்குக்கு இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். முதலாவது, பிள்ளை வீட்டில் இருந்தாலும் செலவுதானே என்பது. உண்மை. சாப்பாடு, டியூஷன் சென்டர், பள்ளி வேன், ஆண்டுக்கொரு மொபைல் என்று கழித்துக்கொள்ள வேண்டியதே. ஆனால் பிள்ளை போனதால் வீட்டு வாடகை குறையாது, கேஸ் சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். மிச்சமாகும் தொகை விடுதிச் செலவில் சிறு பகுதி. இரண்டாவது மறுப்பு கனமானது. கட்டணம் ஏறினால் வருமானமும் ஏறாதா? அரசு ஊழியருக்கும் பெரிய நிறுவனச் சம்பளக்காரருக்கும் ஓரளவு ஏறும். ஆனால் சேலம் வட்டாரத்தின் செல்வம் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் வருவதல்ல. வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, விசைத்தறி, மலையில் காப்பியும் மிளகும். இவற்றின் விலை ஏறும், விழும், சில ஆண்டு நிற்கவும் செய்யும். பள்ளிக் கட்டணம் மட்டும் இறங்காது. நல்ல விலை கிடைத்த ஆண்டில் பிள்ளையைச் சேர்ப்பதுதான் வழக்கம் என்பதால், சராசரி ஆண்டின் வருமானத்துக்குத் தாங்காத பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். கடைசி ஐந்து ஆண்டுகளில் மிகக் குறைவாக வந்த ஆண்டை எடுத்து, அந்த வருமானத்தில் கடைசி ஆண்டுக் கட்டணம் அடங்குமா என்று பார்ப்பதே இவர்களுக்கு ஏற்ற சோதனை.

கல்வியைப் பணத்தால் அளக்கலாமா என்பதும் ஒரு கேள்வி. மான்ஃபோர்ட்டில் படித்தவர்களில் சசி தரூரும் நடிகர் விக்ரமும் உண்டு. எந்தப் பழைய மலைப் பள்ளியும் இப்படிச் சில பெயர்களைச் சொல்ல முடியும். அந்தப் பெயர்களைக் கேட்டு மயங்குபவர், அதே வகுப்பில் படித்துச் சாதாரண வேலையில் இருப்பவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. வசதியும் படிப்பும் உள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளை எங்கே படித்தாலும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. விடுதி வாழ்க்கை தரும் தன்னம்பிக்கை, ஆங்கிலம், நட்பு ஆகியவற்றை நான் மறுக்கவில்லை. அவற்றை வாங்கும் குடும்பம் பாதி வழியில் பணமில்லாமல் நிற்கக் கூடாது என்பதுதான் பேச்சு. கட்டணம் கட்டத் தாமதமாகிப் பரீட்சை நேரத்தில் அலுவலகத்துக்கு அழைக்கப்படும் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வளராது.

கடைசி ஆண்டை இன்னும் கனமாக்குவது தேர்வு. ஐ.பி. டிப்ளமாவையும் கேம்பிரிட்ஜ் ஏ லெவலையும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. அதற்கான சமநிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஆனால் நீட் தேர்வு என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டி நடப்பது. ஐ.பி. படித்த பிள்ளை டாக்டராக விரும்பினால், தனிக் கோச்சிங்குக்கு இன்னொரு செலவு, சிலருக்கு இன்னோர் ஆண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, ஆலோசகர், விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய இருப்பு. சர்வதேசப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வெளிநாட்டுப் பட்டப்படிப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார், அந்தச் செலவு பள்ளிச் செலவை விடப் பெரியது. பள்ளிக்கே கையிருப்பைக் கரைத்துவிட்டால், பிள்ளையை எதற்காகத் தயார்படுத்தினார்களோ அந்தக் கதவு திறக்கும் நேரத்தில் உள்ளே போகப் பணம் இருக்காது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில் நம் குடும்பங்களின் வழக்கமான பதில் நகைக்கடன். ஜூன் மாதத்தில் அடகு வைத்து அறுவடைக்கோ தீபாவளி போனஸுக்கோ மீட்பது. ஓராண்டுத் தட்டுப்பாட்டுக்கு இது பரவாயில்லை, ஏழு ஆண்டும் இதே வழி என்றால் நகை மீளாது. கல்விக் கடன் வட்டிக்கான வரிச் சலுகை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குத்தான். மகள் பெயரில் சேர்த்த செல்வமகள் திட்டப் பணத்தையும் பத்தாம் வகுப்பு முடியும் வரை படிப்புக்கென்று எடுக்க முடியாது. ஆகவே முதல் ஐந்து ஆண்டுக்கான பணம் வேறு இடத்தில் இருந்தாக வேண்டும். சம்பாதிப்பவர் ஒருவரே என்றால், மீதமுள்ள கட்டணம் முழுவதையும் ஈடுகட்டும் டேர்ம் இன்சூரன்ஸ் பாலிசி இல்லாமல் பிள்ளையை விடுதியில் சேர்ப்பது பொறுப்பற்ற செயல் என்றே சொல்வேன். இன்னொன்று, இரண்டாவது பிள்ளை. அண்ணனுக்கு மலைப் பள்ளி, தங்கைக்கு உள்ளூர்ப் பள்ளி என்று முடிந்த வீடுகள் ஏராளம். அது திட்டமிட்ட அநீதியாக இருப்பது அரிது. முதல் பிள்ளையின் கணக்கை மட்டும் போட்டதால் வந்த விளைவு. இரண்டு பேருக்கும் கட்டணம் கட்ட வேண்டிய ஆண்டுகளைத் தனியாக எழுதிப் பார்க்காமல் மூத்தவரைச் சேர்க்கக் கூடாது.

சேர்க்க ஆசை, ஆனால் ஏழு ஆண்டு தாங்காது என்பவர்களுக்குத் தாமதமாகச் சேர்ப்பது ஒரு வழி. அதையும் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். மேலே சொன்ன அதே உதாரணத்தில், ஆறாம் வகுப்புக்குப் பதில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால் ஏழு ஆண்டு நான்காகக் குறைகிறது, செலவோ 59 லட்சத்திலிருந்து 38 லட்சத்துச் சொச்சமாகத்தான் இறங்கும். தவிர்க்கப்படுபவை மலிவான தொடக்க ஆண்டுகள், மிஞ்சுபவை விலை கூடிய கடைசி ஆண்டுகள். பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தால் சுமார் 21 லட்சம். ஆனால் ஐ.பி.யும் ஏ லெவலும் இரண்டு ஆண்டுப் படிப்புகள். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்து அங்கே போகும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும், அதைச் சமாளிக்கப் பத்தாம் வகுப்புக் கோடையிலேயே ஆங்கிலக் கட்டுரை எழுதும் பயிற்சி தேவைப்படும். அதற்கான செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும், ஐந்து ஆண்டு விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அந்த ஐந்து ஆண்டில் மிச்சமாகும் 38 லட்சத்தை எடுத்துவைக்கும் ஒழுங்கு இருக்கும் குடும்பத்துக்கு, பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக் கட்டணம் அதிலேயே இருக்கிறது.